ரத்தத்தில் உப்பு குறைந்தால் புத்தி தடுமாறும்!

மும்பையில் பிழைக்கும் நம்மவர் குடும்பம் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. மகனுக்குக் குமாஸ்தா வேலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 68. பல வருஷமாக ரத்தக் கொதிப்பு. ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்புதான் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மே மாதப் புழுக்கம். வந்த பத்தாம் நாள் வயிறு கொஞ்சம் கெட்டது. சோறு வேண்டாம், கஞ்சி போதும் என்றார். பிறகு கஞ்சியும் வேண்டாம், டீ போதும் என்றார். "வெயில் காலம் மாமா, தண்ணியாவது நிறையக் குடிங்க" என்று மருமகள் சொம்பு சொம்பாகக் கொண்டு வந்து வைத்தாள். அவரும் தட்டாமல் குடித்தார்.

நாலு நாளில் ஆள் மாறிப்போனார். தலைவலி, குமட்டல், நடையில் தள்ளாட்டம். மகனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குளிக்கிற இடம் என்று நினைத்து அடுப்பங்கரையில் போய் நின்றார். "வயசாயிட்டுதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. மந்திரிக்கிறவர் ஒருவரைத் தெரியும் என்றார் இன்னொருவர். மகன் அருகிலிருந்த சிறிய கிளினிக்குக்கு அழைத்துப் போனான். "உடம்புல தெம்பே இல்ல டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று அவனே கேட்டான். ஏற்றினார்கள். அன்றிரவு பெரியவருக்கு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம் 112 என்று வந்தது.

குடும்பம் கற்பனைதான். ஆனால் வெயில் காலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் எந்த டாக்டருக்கும் இந்தக் கதையில் புதுமை ஒன்றும் இராது. மாத்திரை, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காமை, ஓயாமல் குடித்த வெறும் தண்ணீர், கடைசியில் ஏறிய குளுக்கோஸ். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். எல்லாம் சேர்ந்து ஒரு மனிதரின் மூளையை நனைத்துவிட்டன.

உடம்புக்குள் ஒரு கடல்

வளர்ந்த ஆணின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு தண்ணீர். பெண்களுக்குச் சற்றுக் குறைவு, சுமார் ஐம்பது. இந்தத் தண்ணீரில் பெரும் பங்கு உயிரணுக்களுக்குள்ளே இருக்கிறது. மீதி வெளியே, ரத்தத்திலும் திசுக்களின் இடுக்குகளிலும் இருக்கிறது. வெளியே இருக்கும் நீர் உப்பு நீர். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் அதில் உண்டு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் 'சலைன்' பாட்டிலும் அந்தக் கணக்கில் தயாரித்ததுதான்.

பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும் சீட்டில் 'சீரம் சோடியம்' என்று ஒரு வரி இருக்கும். 135 முதல் 145 வரை இருந்தால் சரி. 135க்குக் கீழே போனால் குறைவு, 145க்கு மேலே போனால் மிகை. 125க்கும் கீழே இறங்கினால் அபாயம் என்றே கொள்ளவேண்டும். இந்த எண் உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. தண்ணீரும் உப்பும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. குழம்பில் உப்புச் சப்பில்லை என்றால் உப்புப் போட மறந்திருக்கலாம், அல்லது தண்ணீர் கூடிப்போயிருக்கலாம் அல்லவா? அப்படித்தான் இதுவும். சோடியம் குறைவு என்று சீட்டில் கண்டதும் உப்பை அள்ளிக் கரைத்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. பாதிப் பேருக்கு அது தவறான வைத்தியம்.

வெளியே உப்பு நீர்த்துப் போனால், தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை ஊதச் செய்யும். கையிலோ காலிலோ ஊதினால் சட்டை இறுக்கும், செருப்பு இறுக்கும்; அவ்வளவுதான். மூளை மண்டை ஓட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, ஊத இடமில்லை. அதனால்தான் முதலில் தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம், கடைசியில் வலிப்பு, நினைவிழப்பு என்று வரிசையாக வருகின்றன.

தாகம் எங்கே பிறக்கிறது?

நாக்கு வறள்வதுதான் தாகம் என்று நாம் நினைக்கிறோம். தாகம் பிறக்கும் இடம் மூளையின் அடிப்பகுதி. ஹைப்போதலாமஸ் என்ற அந்த இடத்திலும் அதன் ஓரத்திலும், ரத்தத்தின் உப்பு அடர்த்தியை ஓயாமல் நிறுத்துப் பார்க்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. நூற்றில் ஒன்று இரண்டு பங்கு கூடினாலே அவை விழித்துக்கொள்ளும். 1940களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வெர்னி என்ற விஞ்ஞானி, நாய்களின் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடர்த்தியான உப்பு நீரைச் செலுத்தி, உடனே சிறுநீர் குறைவதைக் காட்டினார். 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு ஆண்டர்சன் ஆடுகளின் ஹைப்போதலாமஸில் ஒரு துளியளவு உப்பு நீரை நேரடியாகவே செலுத்திப் பார்த்தார். வயிறு நிறையக் குடித்துவிட்டு நின்ற ஆடுகள், ஒரு நிமிஷத்துக்குள் காணாததைக் கண்டதுபோல் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கின.

தாகத்தோடு கூடவே இன்னொரு காரியமும் நடக்கிறது. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்துக்குப் போய், 'தண்ணீரை வெளியே விடாதே' என்று தடுக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். வெளியே வருவது ஒன்றரை லிட்டர்தான். மீதியெல்லாம் திரும்ப உள்ளே போகிறது. எவ்வளவு திரும்பவேண்டும் என்ற கடைசிக் கணக்கைத் தீர்ப்பது இந்த ஹார்மோன். இதைப் பரிசோதனைச் சாலையில் செய்துகாட்டிய அமெரிக்கரான தூ வின்யோவுக்கு 1955ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், குடித்த தண்ணீர் ரத்தத்தில் சேருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷமாவது ஆகும். ஆனால் தாகமோ குடித்த மாத்திரத்திலேயே அடங்கிவிடுகிறது. எத்தனை மடக்கு இறங்கியது என்று தொண்டையே கணக்குப் பார்த்து மூளைக்குச் சொல்லிவிடுகிறது.

குறைவதற்குக் காரணங்கள்

வயதானவர்களிடம் அடிக்கடி காணப்படும் காரணம் மாத்திரை. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரைக் கூட்டுவதன் மூலம் வேலை செய்கின்றன. 'நீர் மாத்திரை' என்று மக்கள் சொல்வது இதைத்தான். அவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்ற இரண்டும் சிலருக்கு சோடியத்தை வெகுவாக இறக்கிவிடும். தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. வயதானவர்கள், மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள், குறிப்பாகப் பெண்கள், கூடுதல் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இவை பெரும்பாலும் வேறொரு மருந்தோடு சேர்ந்தே வருகின்றன. மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடைக் குறிக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. லட்சக்கணக்கானோர் தொல்லையில்லாமல் சாப்பிடும் நல்ல மருந்து அது. மாற்றிய சில வாரங்களில் ஒரு முறை சோடியம் பார்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்டால் போதும். வாந்தி பேதி கண்டால் அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் இதைச் செய்வதுண்டு. நிமோனியா, காசநோய், மூளைக்காய்ச்சல், சில புற்றுநோய்கள் வந்தால் வாசோபிரெசின் தேவையில்லாமல் சுரந்து தண்ணீரைத் தேக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கும், ஈரல் சுருங்கியவர்களுக்கும் உடம்பில் உப்பு ஏராளமாகவே இருக்கும், தண்ணீர் அதைவிட ஏராளமாக இருக்கும். காலும் வயிறும் வீங்கியிருக்கும், சோடியமோ குறைவாக இருக்கும். அவர்களுக்கு உப்பைக் கூட்டிக் கொடுத்தால் மூச்சு முட்டும். தண்ணீரைக் குறைப்பதுதான் வைத்தியம்.

பெண்கள் சம்பந்தப்பட்ட ஒரு காரணத்தைத் தனியே சொல்லவேண்டும். பிரசவத்தில் ஏராளமாக ரத்தம் போனால், பிட்யூட்டரி சுரப்பி ரத்த ஓட்டமின்றிக் கருகிவிடுவதுண்டு. குழந்தைக்குப் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்பாது. சோர்வும் குளிரும் வாட்டும். 'பிரசவத்தில் உடம்பு தளர்ந்துவிட்டது' என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பத்து வருஷம் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சலில் மயங்கி விழும்போது சோடியம் பாதாளத்தில் இருக்கும். ஷீஹன் நோய் என்று இதற்குப் பெயர். காசநோய் அட்ரினல் சுரப்பியைத் தின்றுவிட்டாலும் இதேபோல் நடக்கும். அந்த நோயாளிகளில் சிலர் உப்பையும் ஊறுகாயையும் தேடித்தேடித் தின்பார்கள், தோல் கருக்கும். இரண்டுக்கும் விலை மலிவான மாத்திரைகள் இருக்கின்றன. ஆயுள் முழுதும் சாப்பிடவேண்டும், அவ்வளவே.

உலையடியில் நிற்பவர்கள்

வார்ப்படப் பட்டறை, பாய்லர் அறை, இட்லிக் கொப்பரை அடுப்பு, கட்டட வேலை. இங்கெல்லாம் நிற்கும் மனிதருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை என்பது அதிசயமில்லை. வியர்வையில் போகும் உப்பு ஆளுக்கு ஆள் மாறும். புதிதாகச் சேர்ந்தவரின் வியர்வையில் உப்பு அதிகம். ஒன்றிரண்டு வாரம் வெக்கையில் பழகிய உடம்பு உப்பைச் சிக்கனமாக விடக் கற்றுக்கொள்கிறது. முதல் வாரத்தில் புது ஆளுக்கு மேஸ்திரி முழு வேலை கொடுக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊருக்குப் போய் ஒரு மாதம் நிழலில் இருந்துவிட்டு வந்தவரும் புது ஆள்தான்.

1920களில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களின் கைகால்களையும் வயிற்றையும் முறுக்கிப் பிடித்தது ஒரு வலி. வியர்வையாய்க் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடித்தவர்களுக்கே அது வந்தது. மாஸ், ஹால்டேன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டு, குடிநீரில் சிறிது உப்புச் சேர்க்கச் சொன்னார்கள். 1930களில் மக்கான்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தம் உடம்பிலும் துணிந்தவர் சிலர் உடம்பிலும் இதைச் சோதித்தார். உப்பில்லாச் சாப்பாடு, கூடவே வியர்க்க வைக்கும் சூடு. சில நாளில் தசைப் பிடிப்பும் அசதியும் வந்தன. சாப்பாட்டின் ருசி போயிற்று. வாயில் தாகம் போன்ற ஓர் உணர்ச்சி தங்கிவிட்டதாம், ஆனால் தண்ணீர் குடித்து அது தீரவில்லையாம். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பதை இத்தனை பாடுபட்டு நிரூபித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனால் இதை வைத்து உப்பு மாத்திரை வாங்கி விழுங்கவேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்புப் போதும் என்கிறது. நம் சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்து அதைத் தாண்டிவிடுகின்றன. உலையடியில் வேலை செய்பவர் வேளா வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டு, இடையில் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆபத்து வருவது, காலையில் ஒரு டீ, மதியம் ஒரு வடாபாவ், மற்ற நேரமெல்லாம் தண்ணீர் என்று எட்டு மணி நேர ஷிப்டை ஓட்டுபவருக்குத்தான். தண்ணீரை மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்தே. சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றத் திணறும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில், பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியவர்களுக்கே அது அதிகம் காணப்பட்டது.

வாந்தி பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு இணையான மருந்து இன்றுவரை இல்லை. 1971ல் வங்காளதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் மடிந்தபோது, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குடலில் சர்க்கரையும் சோடியமும் ஒன்றையொன்று கைபிடித்து உள்ளே இழுத்துச் செல்கின்றன, தண்ணீர் பின்னாலேயே போகிறது. அதுதான் இதன் சூட்சுமம். அவர் 2022ல் காலமானார். பத்ம விபூஷண் விருது 2023ல்தான் வந்தது.

ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்கவேண்டும். டம்ளரில் முக்கால்வாசி நீரில் கரைத்தால் அது உப்புக் கரைசல், மருந்தல்ல. பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீருக்குத் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு இனிப்புப் பானங்களும் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. பானங்களின் மேல் அந்த மூன்றெழுத்தைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

இனி அந்தக் குளுக்கோஸ் பாட்டில். தெம்பு வரும் என்று நம்மவர்கள் கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்கிறார்களே, அந்தச் சாதாரணக் குளுக்கோஸ் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை உண்டு, உப்பு ஒரு கிராமும் கிடையாது. சர்க்கரையை உடம்பு எரித்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். சோடியம் குறைந்தவருக்கு அதை ஏற்றுவது, நனைந்தவர் தலையில் இன்னொரு குடம் ஊற்றுவது போன்றதுதான்.

தாகமே இல்லாதவர்கள்

சோடியம் 145ஐத் தாண்டி ஏறுவது, தண்ணீர் கிடைக்காதவருக்கும், கேட்க முடியாதவருக்கும் மட்டுமே பெரும்பாலும் நேர்கிறது. விழிப்போடு இருக்கிற, தண்ணீர் கைக்கெட்டுகிற மனிதரைத் தாகமே காப்பாற்றிவிடும். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர், காய்ச்சலில் அரை மயக்கமாகக் கிடப்பவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சியே மங்கிவிடுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பூட்டிய வீட்டில் பகலெல்லாம் தனியாகக் கிடக்கும் பாட்டி 'எனக்குத் தாகமே எடுக்கல' என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் உடம்பு வற்றிக்கொண்டிருக்கும். சொம்பில் நீரை அளந்து வைத்துவிட்டுப் போய், மாலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

நம் வீடுகளில் வழங்கும் ஒரு கைவைத்தியம் பற்றியும் சொல்லவேண்டும். யாராவது விஷம் குடித்துவிட்டால் உப்பை நிறையக் கரைத்து வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள். வாந்தி வராமல் அந்த உப்பு உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் சோடியம் எகிறி, மூளை சுருங்கி, மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும். விஷத்துக்குத் தப்பியவர் உப்புக்கு இரையான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஒன்றும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதே சரி.

தீராத தாகம் என்பது வேறு வகை. குடம் குடமாகக் குடித்து, இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறவர் முதலில் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் அதுதான். சர்க்கரை சரியாக இருந்தும் நாளைக்கு மூன்று லிட்டருக்கு மேல், சிலருக்குப் பத்து லிட்டர்கூட, சிறுநீர் போகுமானால் வாசோபிரெசின் சுரக்கவில்லை, அல்லது சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்கவில்லை என்று பொருள். மனநோய்க்கு லித்தியம் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாவது வகை வருவதுண்டு. 'டயாபடீஸ் இன்சிபிடஸ்' என்பது பழைய பெயர். இன்சிபிடஸ் என்றால் ருசியற்றது என்று அர்த்தம். சிறுநீரை நாவில் வைத்து இனிப்பா, சப்பா என்று டாக்டர்கள் சோதித்த காலத்தில் பிறந்த பெயர் அது. சர்க்கரை வியாதியோடு குழப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிகளிலேயே மருந்தை நிறுத்திவிட்ட சம்பவங்கள் நடந்ததால், 2022ல் உலக டாக்டர்கள் கூடி முதல் வகைக்கு 'வாசோபிரெசின் பற்றாக்குறை' என்று பெயரை மாற்றினார்கள். ஹார்மோன் சுரக்காதவருக்கு டெஸ்மோபிரெசின் என்ற மாற்று மருந்து மாத்திரையாகவும் மூக்கில் அடிப்பதாகவும் கிடைக்கிறது.

ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

மறுபடி அந்தப் பெரியவருக்கு வருவோம். வலிப்போடு வந்தவருக்கு முதல் அரை மணி நேரத்தில், சாதாரண சலைனைவிட மும்மடங்கு உப்புள்ள நீரைச் சிறிதளவு ஏற்றினார்கள். 112 என்பது 117 ஆயிற்று. வலிப்பு நின்றது, கண் திறந்தார். அதோடு டாக்டர்கள் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கிறார்கள், எண் நகர்வதாகவே காணோம். மகனுக்குப் பொறுக்கவில்லை. "உப்புதானே குறைவு? ஏத்தி விட்டா இன்னைக்கே சரியாயிடுமே. எதுக்கு சார் நாள்கணக்கா இழுத்தடிக்கிறீங்க?" பில் ஏறுகிறது, லீவும் தீர்கிறது. அவன் கோபம் புரியக்கூடியதே.

காரணம் இதுதான். சோடியம் மெல்ல மெல்லக் குறையும்போது மூளையின் உயிரணுக்கள் தங்களிடமுள்ள சில பொருள்களை வெளியே தள்ளி, ஊதிப்போகாமல் சமாளித்துக்கொள்கின்றன. ஒரே நாளில் எண்ணை மளமளவென்று ஏற்றினால், பழகிப்போன அந்த உயிரணுக்களிலிருந்து தண்ணீர் திடீரென்று உறிஞ்சப்படும். நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள உறை உரிந்துபோகும். முதல் இரண்டு நாள் ஆள் தெளிவாகப் பேசுவார், வீட்டார் டாக்டரைக் கும்பிடுவார்கள். அதன் பிறகு பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, கைகால் அசையாது. அது முழுவதும் திரும்பி வராமலே போகலாம். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 அல்லது 10க்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குடிப்பழக்கமும் சத்துக்குறைவும் உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் இறுக்கம்.

மூன்றாம் நாள் 127. ஐந்தாம் நாள் 133. மருமகள் பருப்புச் சாதம் கொண்டுபோயிருந்தாள். "இதுல உப்பே இல்லையே தாயீ" என்றார் பெரியவர். டாக்டர் பழைய மாத்திரை அட்டையை வாங்கி, 'எச்' என்ற எழுத்தைப் பேனாவால் சுழித்துக் காட்டிவிட்டு, வேறொரு மருந்தை எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையை எறியாமல் மகன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஊர் டாக்டரிடம் காட்டவேண்டுமாம்.